தகட்டில் பொறித்த கால்

எழுபதுகளின் பிற்பகுதியில், புதுச்சேரியில் நாங்கள் வாழ்ந்த காலத்தில், என் அத்தையாரின் வலக்கைக் கட்டைவிரல் திடீரென மடங்க மறுத்தது. பூத்தையல் செய்து தம் வயிற்றைத் தாமே காத்துவந்தவர் அவர். மாதா கோயில் திருவிழாவுக்கான பீடவிரிப்பு பாதியில் கிடந்தது. உரிய காலத்தில் முடிக்காவிடில், தையற்கூடம் அவர் இடத்தில் வேறொருத்தியை அமர்த்திவிடும். மருத்துவரோ, எலும்பிலும் நரம்பிலும் குறையில்லை என்று கைவிரித்துவிட்டார்.

அத்தையார் தளரவில்லை. வீராம்பட்டினத்து அம்மனுக்குக் கை உருவம் பொறித்த தகடு செலுத்துவதாக நேர்ந்துகொண்டு, ஆடி வெள்ளியன்று தம் தமையனாரான என் தந்தையாரை அனுப்பினார். பஞ்சாலைத் தொழிலாளியான தந்தையார் எதையும் ஆராய்ந்தே ஏற்பவர், ஆயினும் தங்கைக்காகப் போனார். நானும் உடன் சென்றேன். நெரிசலில் கடைக்காரர் நீட்டிய தகட்டை அவர் பாராமலே வாங்கினார். உண்டியலில் இடப்போகையில்தான் நான் கண்டேன்.

“அப்பா, இது காலுப்பா!”

திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணில் ஓர் ஒளி படர்ந்தது.

“இருக்கட்டும். கை சரியாவுதான்னு பாப்போம். ஆச்சுன்னா சாமியில்ல, எல்லாம் மனசுதான். நீ வாயத் தொறக்காத.”

அந்தக் கால் தகட்டையே உண்டியலில் இட்டார்.

செலுத்தியாயிற்று என்று கேட்ட மறுநாளே அத்தையார் துணியை இழுத்துக் கட்டிய தையற்சட்டத்தின்முன் அமர்ந்தார். விரல் முரண்டியது, அவர் அதனினும் முரண்டினார். அந்த வாரம் முடியுமுன் ஊசி அவர் கைக்குப் பணிந்தது.

விரிப்பை ஒப்படைத்து அவர் திரும்பிய நாளில், உணவுக்கு அமர்ந்த தந்தையார் உண்மையைப் போட்டுடைத்தார்.

“நான் போட்டது கையில்லம்மா, காலு. அப்ப உன் கைய யாரு சரி பண்ணது?”

மீண்டும் விறைத்துவிடுமோ என்றஞ்சி, அத்தையாரின் விரலையே நோக்கினேன். அது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

“எந்தக் கைன்னு ஆத்தாளுக்குத் தெரியாதா? தகட்டப் பாத்துதான் தெரிஞ்சிக்கணுமா? உனக்குத்தாண்ணே கண்ணு தெரியல. அடுத்த வெள்ளிக்குக் கண்ணு தகடா வாங்கிப் போடு!”

அன்னையார் அடக்கமாட்டாமல் சிரித்தார். தந்தையார் குனிந்து குழம்பை ஊற்றிக்கொண்டார்.

வென்றது அம்மனே என்று நான் முடிவுகட்டினேன். மனமே என்று தந்தையார் இறுதிவரை சாதித்தார். ஆயினும் ஒன்று அன்று என் கருத்தில் படவில்லை. ஊசி ஓடத் தொடங்கிய அன்றே தந்தையாரின் சோதனை முடிந்துவிட்டது. வாதமென்றால் ஒருவரையும் விட்டுவைக்காத அம்மனிதர், விரிப்பு கைமாறும்வரை வாய் திறக்கவேயில்லை. மறந்துபோனார் என்றே அன்று நினைத்தேன்.