பூமுக்கு முட்டுக் கொடுத்த கதை

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். படகுத்துறையில் அவருக்கு 'லிஃப்ட்காரர்' என்றே பெயர். ஊரார் கட்டடங்களில் ஆட்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றி இறக்கிய மனிதருக்குச் சொந்தப் படகின் பாயைத் தனியாக இறக்க வழியில்லை. அதுதான் கடைசியில் வினையாக வந்து நின்றது.

பாயின் அடிவிளிம்பை நீளமான அலுமினியத் தண்டு ஒன்றில் கட்டியிருப்பார்கள். அதற்குப் பூம் என்று பெயர். பாய் விரிந்திருக்கும்வரை அது அந்தரத்தில் நிற்கும். பாயை இறக்கினால் தொப்பென்று விழும். விழாமல் பிடித்துக்கொள்ளப் பாய்மரத்தின் உச்சியிலிருந்து ஒரு கயிறு இருந்தது. ஒரு கோடையில் அது அறுந்தது. "அடுத்த வாரம் மாத்திடலாம்" என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. மனைவி தோள் கொடுத்தாள்.

"பிடி!" என்று இவர் கத்துவார். அவள் பூமுக்கு அடியில் தோளை நுழைத்துக்கொண்டு, "பிடிச்சாச்சு, சீக்கிரம் இறக்குங்க. நான் என்ன தூணா?" என்பாள். பாய் சரிந்து அவளை முழுசாக மூடும். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். எத்தனை சாயங்காலங்கள் அப்படிச் சிரித்துக்கொண்டே துறைக்குத் திரும்பினார்கள்! நல்ல காலம் அது. நல்ல காலம் என்பது நடக்கிறபோது யாருக்குத் தெரிகிறது?

அவள் இறந்துபோனபிறகு ஒருநாள் தனியாகப் போனார். பூம் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பார்த்ததும் மகள் கொதித்துவிட்டாள்.

"படகை வித்துடலாம்பா. ஆளும் பார்த்துட்டேன்."

"ரிஜிட் வாங்னு ஒண்ணு இருக்கும்மா. மாட்டிட்டா பூம் விழவே விழாது."

"சரி, கை சரியானதும் மாட்டுங்க. என் கண்ணு முன்னாடி தனியா பாயை இறக்கிக் காட்டணும். இல்லேன்னா விக்கறோம். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

அவர் சொன்ன ரிஜிட் வாங், உள்ளே ஸ்பிரிங் வைத்த தடித்த குழாய். பாய்மரத்தின் அடியிலிருந்து சாய்வாக ஏறிப் பூமுக்கு முட்டுக் கொடுக்கும். பூம் எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ, அங்கே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் துளைக்குக் குறி போட வேண்டும். கை சரியானதும் ஒரு காலையில் மகளே வந்து தோளில் தாங்கினாள்.

"இன்னும் கீழ."

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

முழங்காலை மடக்கிக்கொண்டு அவள் முனகினாள். "எதுக்குப்பா இவ்வளவு கீழ? டேப்பை வெச்சு அளந்து பாருங்க."

"எத்தனை வருஷமா பாக்கறேன், எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆடாம நில்லு."

டேப் பெட்டியிலேயே கிடந்தது. கண்ணளவில் குறி போட்டுத் துளைத்தார், ரிவெட் அடித்தார், குழாயை மாட்டினார்.

காற்று தணிந்ததும் துறையிலேயே பாயை ஏற்றினார். மகள் கையைக் கட்டிக்கொண்டு மேடையில் நின்றாள். கயிற்றைத் தளர்த்தினார். பழக்கதோஷம், "பிடி!" என்று கத்தியும் விட்டார். பதில் வரவில்லை. பாய் சரசரவென்று சரிந்தது. பூம் கொஞ்சம் இறங்கி, குழாயின்மேல் உட்கார்ந்து, அப்படியே நின்றது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. குனிந்து கயிற்றைச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தார். பூமில் 'டங்'கென்று தலை இடித்தது.

மகள் விழுந்து விழுந்து சிரித்தபடி படகில் ஏறினாள். "அளக்கச் சொன்னேனே, கேட்டீங்களா?" என்று பூமின் பக்கத்தில் வந்து நின்றாள். அது அவள் நெஞ்சுக்குத்தான் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, இது அம்மாவோட தோள் உயரம்."

அவர் பூமின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"வாங்க வர்றவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள் மகள் மெல்ல. "ஆனா இதைக் கழட்டி ஏத்தி மாட்டிடலாம்பா. தினம் இடிச்சுக்குவீங்க."

"இருக்கட்டும்மா. அவ அத்தனை நாள் சுமந்தா. நான் குனிஞ்சுக்கறேன்."