இடுப்பில் சுற்றிய கூறைச் சேலை

இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியாயிற்று. போவதென்றால் கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் ஏறி, யாழ்ப்பாணத்தில் பலாலியில் இறங்கும் அந்தச் சின்ன விமானம்தான். அக்காவின் கலியாணத்துக்காக நான் அதில் போனேன். போகிற வழியில் நடந்தது இன்றுவரை அக்காவுக்குத் தெரியாது. இதை வாசித்துத்தான் தெரியப்போகிறது. கோபிக்காதே அக்கா.

அந்தப் பயணம் செய்யாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். நினைத்தபடி ஓட்டோ பிடித்து விமான நிலைய வாசலில் போய் இறங்க முடியாது. அது விமானப்படை முகாமுக்குள் இருக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதியில் உள்ள டிக்கெட் ஒபீசுக்கு விடியவே போகவேண்டும். அங்கே பையை நிறுப்பார்கள். பிறகு அவர்களுடைய பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கொண்டுபோவார்கள். கையில் அடையாள அட்டையும் டிக்கெட்டும் மட்டும். மற்ற எல்லாம் அந்த ஒரு பைக்குள்.

அந்த ஒரு பைதான் பிரச்சினை. வெள்ளவத்தையில் ஒருவன் யாழ்ப்பாணம் போகிறான் என்ற கதை வெளியே போனால் முடிந்தது. ஒரு அன்ரி பால்மா தருவார், இன்னொருவர் இழுப்புக்கு அடிக்கிற மருந்து, மற்றவர் தன் தாய்க்கு மூக்குக்கண்ணாடி. நானும் பெரிய ஆள் மாதிரி எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

கடைசியாக மாப்பிள்ளையின் அக்கா கூப்பிட்டார். தாலி கட்டும்போது பொம்பிளை உடுக்கும் கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டாருடைய பொறுப்பு. பாதை பூட்டியதால் யாழ்ப்பாணக் கடைகளில் நல்ல கூறை இல்லை. அவரே இங்கே தேடி எடுத்திருந்தார், ஆனால் அவருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. பெட்டியை என் கையில் தரும்போது சொன்னார்: "தம்பி, கலியாணம் நாளையிண்டைக்கு. இது போய்ச் சேராட்டி என்ர தம்பி எதைக் குடுத்துத் தாலி கட்டுறது?"

"நான் போறனோ இல்லையோ, கூறை போகும்" என்றேன். வசனம் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஒபீசில் பையைத் தராசில் வைத்ததும் அங்கிருந்த மிஸ் தலையாட்டினார். "நிறை கூட, தம்பி. என்னத்தையாவது எடுங்கோ."

என்னத்தை எடுப்பது? மருந்தா, கண்ணாடியா? என் கோட்டையும் சப்பாத்தையும் எடுத்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளைத் தோழன் நான்தான். பின்னேர வரவேற்புக்கு ஸ்டைலாக நிற்கவேண்டாமா? எனக்கு ஐடியா ஒன்று வந்தது. பையைத்தான் நிறுக்கிறார்கள், ஆளை நிறுப்பதில்லை. எத்தனையோ பேர் இரண்டு உடுப்பை ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டு போகிறார்கள். நான் சேலையைக் கட்டினால் என்ன?

வழியனுப்ப வந்த கொட்டாஞ்சேனை நண்பனை ஒபீஸ் கழிவறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். பனியனுக்கு மேலே கூறையைச் சுற்றோ சுற்றென்று சுற்றினான். கழலாமல் இருக்க நாலைந்து ஊசியும் குத்தினான். மேலே தொளதொள ஷர்ட்.

"மச்சான், எத்தினையாம் மாசம்?" என்றான்.

"வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியை வீட்ட கொண்டு போ."

பஸ்ஸில் ஏறினேன். தெஹிவளை, கல்கிசை எல்லாம் திரைக்கு வெளியே வெறும் சத்தமாகத்தான் போயின. பட்டுக்கும் சரிகைக்கும் உள்ளே நான் வெந்தேன். பக்கத்தில் இருந்த ஐயா என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி இருந்தார். நான் என் மூளையை நானே மெச்சிக்கொண்டு இருந்தேன்.

இரத்மலானையில் பைகளைத் திரும்பக் கொட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரை கட்டிய சின்ன அறைக்குள் போகவேண்டும். உள்ளே இரண்டு சிப்பாய்கள். ஒருவன் சோதிப்பவன். மற்றவன் துவக்கோடு மூலையில் நின்றான், என் வயதுதான் இருக்கும். சோதிப்பவன் கையிலிருந்த கருவியை மேலிருந்து கீழே கொண்டுவந்தான். வயிற்றடியில் அது கத்தத் தொடங்கியது. ஊசிகள். அவன் உள்ளங்கையை என் ஷர்ட்டில் வைத்தான். இடுப்பைச் சுற்றி மொத்தமாக, இறுக்கமாக ஏதோ ஒன்று.

அவன் ஒரே பாய்ச்சலில் பின்னால் போனான். "அத் உஸ்ஸன்ன."

கையைத் தூக்கினேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு தமிழ்ப் பொடியன், விமானப்படை முகாமுக்குள், ஷர்ட்டுக்குக் கீழே இடுப்பில் எதையோ கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். அந்த நாட்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தற்கொலைக் குண்டு. துவக்கின் வாய் என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. அதைப் பிடித்திருந்தவன் என்னைவிடப் பயந்துபோய் நின்றான். அதுதான் கூடுதல் பயம்.

ஐந்து வயதிலிருந்து கொழும்பில் சிங்களம் பேசுகிறவன் நான். அன்றைக்கு அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கடைசியில் வந்தது மூன்று சொல்: "மகுல் சாரிய. அக்காகே." கலியாணச் சேலை, அக்காவுடையது.

துவக்கோடு நின்றவன் அசையாமல் நில் என்றான். சோதிப்பவன் தூரத்திலிருந்தே என் ஷர்ட்டின் நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கினான். அரக்குச் சிவப்பும் சரிகையும் தெரிந்தன. ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னான். பிறகு தலைப்பைப் பிடித்து இழுத்தான். கையைத் திரும்பத் தூக்கியபடி நான் பம்பரம் மாதிரிச் சுற்றினேன். சுற்றிச் சுற்றிக் கூறை கழன்றது. கடைசிச் சுற்றில் மறு முனை, சப்பாத்துத் தடம் பதிந்த சீமெந்து நிலத்தில் விழப் பார்த்தது.

"பிம வட்டன்ன எப்பா." கீழே போடாதே.

சொன்னது துவக்கோடு நின்றவன். துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, குனிந்து, அந்த முனையை நிலத்தில் படமுதல் ஏந்திவிட்டான். மற்றவனிடமிருந்து தலைப்பை வாங்கி என் கையில் தந்தான். வீட்டில் அம்மாவும் அக்காவும் மடிப்பது மாதிரி நானும் அவனும் எதிரெதிரே நின்று மடித்தோம். நுனியை நுனியோடு சேர்க்க அவன் நடந்து வருவான், விரல் விரலில் முட்டும், திரும்பப் பின்னால் போவான். அவனுக்கு அது நன்றாகப் பழக்கம். தன் நங்கிக்கும், அதுதான் தங்கச்சிக்கும், வரப்போகிற மாதம் கலியாணம் என்றான்.

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். ஆங்கிலத்தில் நல்ல பேச்சு விழுந்தது. "உன்னைச் சுட்டிருப்பார்கள், தெரியுமா? படித்தவன்தானே?" தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். ஆனால் சேலையைப் பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திருப்பி அனுப்பு, நிறை கூட என்றதும் தலையை நிமிர்த்தினேன்.

"சேர், சேலை போகவேண்டும். என்னை வேண்டுமென்றால் இறக்குங்கள்."

வெளியே வரிசையில் பஸ் ஐயாவின் குரல் கேட்டது. "உவன்ர கூத்தால பிளேன் எங்களை விட்டிட்டுப் போகப்போகுது."

என் பையைக் கேட்டு வாங்கினேன். கோட்டு, சப்பாத்து, மாற்றுடுப்பு, சேவிங் செட், ஒன்றுவிடாமல் வெளியே எடுத்தேன். வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் இவை போகட்டும், நண்பன் வந்து எடுப்பான் என்றேன். அந்த இடத்தில் கூறையை வைத்து, பால்மா, மருந்து, கண்ணாடி எல்லாவற்றோடும் பையைத் திரும்ப நிறுக்கச் சொன்னேன். அதிகாரி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போய்த் தொலை" என்பதை ஆங்கிலத்தில் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்.

விமானத்துக்கு நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். சேலை மடித்தவன் சோதனை அறையின் திரையடியில் அடுத்த ஆளுக்காக நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

பலாலியிலிருந்து ஊருக்கும் ஜன்னல் மூடிய பஸ்தான். பை திரும்பக் கைக்கு வந்ததும் மடியில் வைத்தேன், வீட்டு வாசல்வரை இறக்கவில்லை. அம்மா பையைத் திறந்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "ஏன்ரா கூறை வேர்வை மணக்குது? உன்ர உடுப்பெல்லாம் எங்க?"

"பிளேனுக்குள்ள சரியான வெக்கை அம்மா. உடுப்பு அடுத்த பிளைற்றில வரும்."

கலியாணத்தன்று இரவல் வேட்டியோடு தோழனாக நின்றேன். தாலி கட்டுவதற்கு முன், கூறையைத் தட்டில் வைத்துச் சபைக்குக் கொண்டுபோனார்கள். வந்தவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்கவேண்டும், அதுதான் எங்கள் முறை. தட்டு வரிசை வரிசையாகப் போய்வந்தது. பெரியப்பா தொட்டார், அயலட்டை தொட்டது, மூக்குக்கண்ணாடி கிடைத்த ஆச்சியும் வந்து தொட்டார். இவர்கள் எல்லோருக்கும் முதலே அதை ஒருவன் தொட்டுவிட்டான் என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் நங்கியின் கலியாணம் நடந்ததோ, அதற்குப் போக அவனுக்கு லீவு கிடைத்ததோ தெரியாது. துவக்கு நீட்டியவன் சேலையையும் ஏந்தினான் என்பதை கணக்கில் எந்தப் பக்கத்தில், வரவிலா செலவிலா எழுதுவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை; ஆனால் அக்காவின் கூறைக்குக் கிடைத்த முதல் ஆசீர்வாதம் அதுதான் என்பதில் மட்டும் நான் யாரோடும் வாதாடத் தயார்.