மாமாவின் பையும் பால்குடமும்

மாமாவுக்கு இனிமேல் ‘இரண்டுக்கு’ப் போகவே வேண்டியதில்லை என்று தெரிந்தபோது எனக்கு வயது எட்டு. உலகத்தில் யாருக்கும் கிடைக்காத வரம் அவருக்குக் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். எங்கள் பள்ளிக்கூடக் கழிப்பறையைப் பார்த்தவர்களுக்கு என் பொறாமை புரியும்.

மாமா அம்மாவின் தம்பி. கமுந்திங்கிலிருந்து லூமுட்டுத் துறைமுகத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பெருங்குடலில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்தார்கள். மிஞ்சிய குடலின் முனையை வயிற்றில் துளையிட்டு வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். போவதெல்லாம் அந்தப் பைக்குள்ளேயே போகும். தனியாள் என்பதால் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் அதன்பிறகு வாசல் கேட்டைத் தாண்டவே இல்லை.

ஒருநாள் காலை அவர் பை மாற்றும்போது கதவைத் தாழிட மறந்துவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக, சின்ன ஜம்புப் பழம் அளவுக்கு அது இருந்தது. நான் பார்க்கப் பார்க்க, தானாகவே சுருங்கி விரிந்தது.

“வலிக்குதா மாமா?”

“இல்ல. தொட்டாக்கூட தெரியாது. என் பேச்சக் கேக்காது லா இது. அதுக்கு எப்ப தோணுதோ அப்ப வேலை செய்யும்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அது ‘புர்’ரென்று ஒரு சத்தம் போட்டது. மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அருவருப்பு வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பிரமிப்பில் மூச்சே நின்றுவிட்டது. நமக்குள்ளே இப்படி ஒன்று, யாரும் சொல்லாமலே ராப்பகலாக வேலை செய்துகொண்டிருக்கிறதா? அன்று முழுக்க என் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு மரியாதையோடு நடந்தேன்.

மாமா அறுவை சிகிச்சைக்கு உள்ளே போயிருந்தபோது, அவர் பிழைத்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். தைப்பூசமும் நெருங்கியது. அப்போதுதான் பெரியம்மா வாயைத் திறந்தார். அவர் அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர், எங்களோடேயே இருந்தவர். விரத நாட்களில் எங்கள் துண்டு அவருடைய கொடியில் பட்டுவிட்டால் கொடியையே கழுவுகிறவர்.

“மலத்தக் கட்டிக்கிட்டு சாமி முன்னால போய் நிக்கப் போறியா, தம்பி?”

மாமா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டார். “எல்லாரும் அதோடதான் போறாங்க, பெரியக்கா. எனக்கு வெளிய இருக்கு, அவ்வளவுதான்.”

பெரியம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்.

மாமாவின் பயம் வேறு. அதை அம்மாவிடம்தான் சொன்னார். “நாத்தம் வராது அக்கா, பை நல்ல பை. சத்தம்தான். அத்தன பேர் நடுவுல சத்தம் வந்தா மாலு லா, மானமே போயிடும். அப்புறம் செத்தாலும் நான் வெளிய தல காட்ட மாட்டேன்.” ஆனாலும் வேண்டுதலை விட அவருக்கு மனம் வரவில்லை.

மஞ்சள் வேட்டி, வயிற்றைச் சுற்றித் தளர்வாக ஒரு துண்டு, தலையில் குடம். புறப்பட்டதிலிருந்து மாமா உறுமி மேளக்காரப் பையன்களை ஒட்டியே நடந்தார். அவர்கள் வேகமெடுத்தால் இவரும் வேகமெடுத்தார். அவர்கள் தண்ணீர் குடிக்க நின்றால் இவரும் நின்றார். உறுமிச் சத்தத்தில் மாமாவுக்கு அருள் ஏறிவிட்டது என்று எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

எனக்குக் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க வேறொரு மயக்கம். காவடி தூக்கிய அண்ணன்கள், பட்டுச் சேலை அக்காமார், போலீஸ்காரர், தண்ணீர் கொடுத்த சீனக் கிழவர், எல்லார் வயிற்றுக்குள்ளும் அந்தச் சிவப்பு சுருங்கி விரிந்துகொண்டே வருகிறது. ஊர்வலத்துக்குள் இன்னொரு ஊர்வலம். எனக்குத் தலை சுற்றியது.

கோயில் சுண்ணாம்புக் குன்றின் குகைக்குள் இருந்தது. மேளமெல்லாம் வாசலோடு சரி. உள்ளே பால் ஊற்றும் சத்தம் மட்டும்தான். மாமாவின் முறை வந்தது. ஐயர் குடத்தை வாங்கி வேலின்மேல் சாய்த்தார். பால் இறங்க ஆரம்பித்ததும், அதுவும் விழித்துக்கொண்டது. சின்னச் சத்தம்தான். குகை அதை நாலாகப் பெருக்கியது. ஐயரின் கை ஒரு கணம் நின்றது. முன்னால் நின்ற பெண்மணி திரும்பினார். மாமாவின் தலை குனிந்தது.

“வேல் வேல்!”

பின்னாலிருந்து கணீரென்று வந்தது குரல். பெரியம்மா. கண்ணை மூடி, கைகளைத் தலைக்குமேல் தூக்கியிருந்தார். குகை முழுவதும் “வெற்றி வேல்” என்று திருப்பிச் சொன்னது. அவர் நிறுத்தவில்லை. பால் தீர்ந்து, மாமா திருநீறு வாங்கி, வாசலுக்கு வந்து சேரும்வரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கூட வந்தார். மறுபடியும் சத்தம் வந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

வெளியே வந்த மாமா படியில் உட்கார்ந்து அழுதார். பெரியம்மா தன் முந்தானையால் அவர் வயிற்றில் வழிந்த வியர்வையை, பையைச் சுற்றி, மெதுவாகத் துடைத்துவிட்டார். அதன்பின் மாமா கேட்டைத் தாண்டிக் கடைக்குப் போனார், பிறகு லாரிக்கும் போனார்.

நான் கண்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டில்கூடக் குரலை உயர்த்திப் பேசாத பெரியம்மாமேல் முருகன் இறங்கிவிட்டார். அதை என் கண்ணால் பார்த்தேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஒருமுறைகூட மறுத்ததில்லை.