செப்டம்பர் அட்டெம்ட்

பாஸான பிறகும் திரும்பப் போய் பெஞ்சில் உட்கார்ந்த ஒரே அறிவாளி உத்திரமேரூர் வட்டாரத்திலேயே நான்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கல்யாணப் பேச்சு கனிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, நானாகவே ஆசைப்பட்டு வாங்கிக்கொண்ட வினை அது.

எண்பதுகளின் தொடக்கம். மெட்ராஸில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து, கடைத்தெருவில் நைனாவின் உரக் கடையில் இருந்தேன். நைனாவுக்கு என் படிப்பின் மேல் மரியாதை அதிகம். அதனால் மூட்டை தூக்கச் சொல்ல மாட்டார். மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்வார். வருகிறவர்களிடம் நுகர்வோர் மனப்பான்மையைப் பற்றி நான் இரண்டு வாக்கியம் பேசி முடிப்பதற்குள், அவர்கள் யூரியாவை சைக்கிளில் கட்டிக்கொண்டு காவாந்தண்டலம் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அப்போதுதான் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. படித்து முடித்துப் போனவர்கள் திரும்பி வந்து, விருப்பப்பாடம் ஒன்றை எடுத்து இரண்டு வாரம் படிக்கலாமாம். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. கம்ப்யூட்டர், ஏற்றுமதி, பேரம் பேசும் கலை, இவற்றில் ஏதாவது ஒன்று. கம்ப்யூட்டரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஏற்றுமதி செய்ய என்னிடம் இருந்தது யூரியா. அதுவே கப்பலில் வந்து இறங்கிய சரக்கு. மிச்சம் பேரம்தான்.

"எலெக்டிவ் கோர்ஸ் நைனா, மெட்ராஸ் போய்ட்டு வரேன்."

"எலெக்ட்ரிக்கா? நல்லதாப் போச்சு. நம்ம மோட்டார் ரொம்ப நாளா ஓடாம கீது."

"எலெக்ட்ரிக் இல்ல, எலெக்டிவ். பாஸ் பண்ணவங்க திரும்பி வந்து படிக்கிறது."

நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாஸ் பண்ட்டு இன்னாத்துக்குடா திரும்பிப் போற?"

அவர் கேட்டதில் தப்பில்லை. படித்து முடித்தவன் மறுபடி பையைத் தூக்குவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு. பத்தாவதில் கோட்டை விட்டவன் டுடோரியலில் சேர்ந்து, செப்டம்பரில் மறுபடி எழுதுவான். அதற்கு 'செப்டம்பர் அட்டெம்ட்' என்று பெயர். என் கோர்ஸ் நடந்ததும் செப்டம்பர் மாதம்தான்.

பஸ்ஸில் கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்தார், கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். குரலை இறக்கி, "அட்டெம்ட்டா?" என்றார்.

"இல்லங்க, திரும்பவும் படிக்கப் போறேன்."

"அதத்தான் கேட்டேன். கவலப்படாத தம்பி, என் மச்சான்கூட நாலாவது தபாதான் தேறுனான்."

பின் சீட்டில் மானாம்பதிக்காரர் ஒருவர் இருந்தது எனக்குத் தெரியாது. எனக்குப் பெண் பார்த்திருந்ததோ மானாம்பதியில். பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பெண் பி.எஸ்சி. முடித்திருந்தாள். மேலே பி.எட். படிக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்க, "கல்யாணம் ஆவப் போவுது, படிச்ச வரைக்கும் போதும்" என்று வாத்தியார் முடித்து வைத்திருந்ததாகக் கேள்வி. எனக்கு அவர் தலையாட்டியது எம்.பி.ஏ. என்ற மூன்றெழுத்துக்காகத்தான். என் முகத்துக்கும் கடை வாசனைக்கும் அதில் எந்தப் பங்கும் இல்லை.

இது எதுவும் தெரியாமல் மெட்ராஸில் நான் பேரம் கற்றுக்கொண்டிருந்தேன். பேராசிரியர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே பாடம்: எதிராளி கேட்டதும் பதில் சொல்லிவிடாதே, சும்மா இரு, அந்த மௌனத்தில் யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் தோற்றார். பயிற்சிக்கு என் எதிரில் ஒரு சோப்பு கம்பெனி மேனேஜரை உட்கார வைத்தார்கள். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருந்தோம். டீ கொண்டு வந்தவர், "சக்கர போடட்டுமா சார்?" என்றார். மேனேஜர் "போடு" என்றுவிட்டார். நான் ஜெயித்தேன். சர்க்கரை விழாத கசப்பு டீயை வெற்றிப் புன்னகையோடு குடித்தேன்.

ஊர் திரும்பினால், அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பேஜாராப் போச்சுடா! நீ பெயிலாயிட்டியாமே? வாத்தியார் நேர்ல வரச் சொல்லிக்கீறார்."

மறுநாளே மூவரும் மானாம்பதி போனோம். வாத்தியார் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, என் சர்வீஸ்ல பாஸ் பண்ணவன் ஒருத்தன்கூட திரும்பி வந்து பெஞ்சில குந்துனது கெடியாது. நேராவே கேக்கறேன். நீங்க பாஸா, பெயிலா?"

'பாஸ்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் நான் பாடம் படித்துவிட்டுச் சூடாக வந்திருந்தேனே! முதுகை நிமிர்த்திக்கொண்டு, வாயை மூடி, அவர் கண்ணையே பார்த்தேன். அவரும் பார்த்தார். நைனா இருமினார். அம்மா தொடையில் கிள்ளினாள். நான் அசையவில்லை.

"புரியுது," என்றார் வாத்தியார். "காபி சாப்ட்டு கெளம்புங்க."

முதலில் வாயைத் திறந்தவர் அவர்தான். கணக்குப்படி ஜெயித்தது நான்.

தட்டில் காபியோடு வந்த பெண் நேராக என்னிடம் கேட்டாள். "அந்த கிளாஸ்ல அப்படி இன்னாதான் சொல்லிக் குடுத்தாங்க?"

"பேசாம இருக்க."

"அதுக்கு மெட்ராஸ் வரைக்குமா போனீங்க?"

"பாஸ் பண்ணவங்களத்தாங்க சேத்துக்குவாங்க!" என்று கத்திவிட்டேன். "நான் பாஸ்!"

"அத வந்த ஒடனே சொல்றதுக்கு இன்னாடா கேடு உனக்கு?" என்றார் நைனா. வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெண் மட்டும் தட்டோடு அங்கேயே நின்றாள். "படிச்சு முடிச்சு, கல்யாணம் ஆனவங்கள்லாம் திரும்ப வந்து படிக்கிறாங்களா?"

"பாதிப் பேர் அப்படித்தான். ஒரு அம்மா கொழந்தைய மாமியார்கிட்ட வுட்டுட்டு வந்தாங்க."

அவள் வாத்தியார் பக்கம் திரும்பினாள். "கல்யாணத்தோட படிப்பு முடிஞ்சிடும்னீங்களே, கேட்டீங்களாப்பா? எனக்கு இவரு சரி. பி.எட். படிக்க வெக்கட்டும்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். "மாப்ள இன்னா சொல்றீங்க?"

'மாப்ள' என்று விழுந்துவிட்டது! சரி என்று தலையாட்டிவிட்டு காபியைக் குடித்திருக்கலாம். ஆனால் கேட்டதை உடனே கொடுக்காதே, கொஞ்சம் தள்ளிப்போடு என்பதும் பாடத்தில் இருந்ததே!

"தாராளமா படிக்கட்டும்," என்றேன் பெரிய மனுஷன் மாதிரி. "புது வூடு, புது மனுஷங்க. கொஞ்சம் பழகட்டும். ஒரு ரெண்டு வருஷம் போவட்டுமே."

சொல்லிவிட்டு மௌன அஸ்திரத்தை எடுத்து விட்டேன். அவளும் எதுவும் சொல்லவில்லை. தட்டைக்கூடக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தாள். காபியில் ஆடை படிந்தது. கூடத்தில் ஒருவரும் இருமவில்லை. சோப்பு கம்பெனி மேனேஜரெல்லாம் இவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

"சரி... ஒரு வருஷம்?" என்றேன்.

"வர்ற ஜூன்ல அட்மிஷன்," என்றாள்.