கிழங்கு வடித்த கூடை

கோலெட் மேனியன் கல்யாணமாகி எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். பகலில் வில்லோ மரத்தின் மெல்லிய குச்சிகளை, மிலாறுகளை, ஊறப்போட்டுக் கூடை பின்னுவாள். பிடிவாதக்காரி. என்னையும் அப்படித்தான் சொல்கிறார்கள், சொல்லட்டும்.

கால்வேயில் இந்தக் காலத்து ஐரிஷ் கைவினைகளுக்கு வருஷாவருஷம் கண்காட்சி நடக்கிறது. மூன்று முறை விண்ணப்பித்து, இந்த வருஷம்தான் அவளுடைய கூடை ஒன்றுக்கு இடம் கிடைத்தது. வெந்த உருளைக்கிழங்கை வடித்து, அப்படியே பானை வாயில் வைத்து, வீடே சுற்றி உட்கார்ந்து தின்கிற தட்டைக் கூடை. கண்காட்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்து அதைப் படமும் எடுத்துப் போனார்கள்.

கோலெட்டுக்கு ஒரு வழக்கம். ஒரு பானைக் கிழங்கைக் கொதிக்கக் கொதிக்கக் கொட்டாமல் எந்தக் கூடையையும் வீட்டை விட்டு அனுப்ப மாட்டாள். இதிலும் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் கொட்டினாள். நான் எங்கே தடுத்தேன்? வெண்ணெய் தடவி மூன்று கிழங்கு தின்றேன். கூடை நடுவில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது.

மறுநாள் அவள் வேனில் நானும் போனேன். கண்காட்சிப் பொறுப்பாளர் டாராவுக்குக் கூடையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. புழங்கிய பொருளை வைக்கக்கூடாது என்பது விதியாம். சாயங்காலம் திறப்பு விழா. கறையில்லாத கூடை தராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். வேனில் புதுக்கூடை ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைக் கொடுத்துத் தொலையேன் என்று அவள் முழங்கையை இடித்தேன்.

அவள் என்னைக் கவனிக்காமல் டாராவிடம், "அது இன்னும் முடியல தம்பி. கிழங்கு வடிக்காதத நான் கூடைன்னு சொல்லமாட்டேன்."

"அக்கா, இது ஒண்ணும் பாத்திரக் கடை இல்ல" என்றார் டாரா.

"தெரியுது. பாத்திரக் கடைன்னா தட்டிப் பாத்துல்ல வாங்கியிருப்ப."

கறைக்கூடையை அவர் கையில் கொடுத்து, ஒவ்வொரு மிலாறாக இழுத்துப் பார்க்கச் சொன்னாள். மரியாதைக்கு ஒன்றை இழுத்தவர், பிறகு தரையில் மண்டியிட்டு எல்லாவற்றையும் இழுத்தார். ஒன்றுகூட அசையவில்லை. உடனே இவள் வேனுக்குப் போய்ப் புதுக்கூடையை எடுத்துவந்து, அதில் வெந்நீர் ஊற்றச் சொன்னாள். அவர் கெட்டிலோடு வந்து ஊற்றினார். ஆறியதும் இழுத்தார். விளிம்பில் ஒரு மிலாறு விரல் நீளம் கையோடு வந்துவிட்டது.

கோலெட் கொஞ்சமும் கூசவில்லை.

"பாத்தியா? இதத்தான் நீ மேடையில வெச்சிருப்ப."

டாரா சற்று நேரம் இரண்டு கூடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விளக்கை இழுத்து வைத்து, பழுப்பு வட்டம் நன்றாகத் தெரியும்படி வேறு படம் எடுத்தார். விதியைப் பற்றி மேலிடத்தில் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

இடம் கிடைத்தாயிற்று, வீட்டுக்குப் போகலாம் என்று நான் கோட்டை மாட்டினேன். இவள் நகரவில்லை. கூடையை வைக்கப் போட்டிருந்த வெள்ளை மர மேடையைச் சுற்றி வந்து, தன் நெஞ்சோடு அளந்து பார்த்தாள்.

"உக்காந்து திங்கிற கூடைய இம்புட்டு உயரத்துல வெச்சா யாருக்கு எட்டும்? முழங்கால் அளவுக்கு வெட்டு தம்பி."

டாரா ரம்பம் தேடிப் போனார்.