அண்ணாவை யாரும் வெட்டவில்லை

பருத்தித்துறையில் எங்கள் பெற்றோரின் மூத்த மகனாகப் பிறந்தவர் அண்ணா. நான் அவருக்கு அடுத்தவன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அவர் படித்துக்கொண்டே போனார். எழுதிப் பழக்கமில்லாத நான் இந்த ஓராண்டு நினைவு மலரில் எழுத முன்வந்ததற்குக் காரணம் உண்டு. அண்ணாவைப் பற்றி உறவினரிடையே ஒரு பொய் உலவுகிறது. அது நான் சொன்ன பொய்.

அகதியாக ஜெர்மனிக்கு வந்த அண்ணா முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினார். பீலெஃபெல்டில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்தார். பிறகு தொலைக்காட்சித் துறையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து, கமரா தூக்கி, உதவி இயக்குநராகி, இயக்குநரானார். இன்றும் இங்கே மறுஒளிபரப்பாகும் ஒரு பழைய ஜெர்மன் விண்வெளித் தொடரில் ஏழு பாகங்கள் அவர் இயக்கியவை.

என்னை இங்கே எடுப்பித்ததும் அவரே. அவர் விட்டுப்போன அதே உணவகத்தில், அதே தொட்டியடியில் நான் நின்றேன். யார் வீட்டுக்குப் போனாலும் முதற் கேள்வி அண்ணாவைப் பற்றியதுதான். நான் அதிகம் பேசாதவன். உள்ளே எரிந்ததை யாரும் அறியவில்லை.

அவருடைய முதற் பாகம் ஒளிபரப்பான அன்று மாமி வீட்டில் கூடியிருந்தோம். முடிவில் ஜெர்மன் எழுத்தில் ஓடிய அண்ணாவின் பெயரை என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. மாமி என் பக்கம் திரும்பினார்.

“முழுக்கப் பாத்தனான் தம்பி. ஒரு இடத்திலையும் அவனைக் காணேல்லை.”

இயக்குநர் படத்தில் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன்: “அண்ணா வந்த இடத்தை வெட்டிப்போட்டாங்கள் போல, மாமி.”

“பாவம். படத்திலை வந்த அந்தப் பச்சை முகக்காரனை விட எங்கடை பிள்ளை வடிவெல்லோ.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்தக் கதை டுசல்டோர்ஃப் வரை போய், அண்ணாவை வேலையாலேயே நிற்பாட்டிவிட்டார்கள் என்று வளர்ந்து திரும்பி வந்தது. அண்ணா யாரிடமும் எதையும் மறுக்கவில்லை. ஸ்டூடியோவுக்கு வந்து பார் என்று மட்டும் என்னை ஆண்டுதோறும் கூப்பிட்டார். டொக்டரிட்டையோ கந்தோரிலையோ ஏதாவது டெர்மின் இருப்பதாகச் சொல்லித் தட்டிக் கழித்தேன்.

மருத்துவமனையில், கடைசி வாரத்தில், அவருடைய தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“என்னை வெட்டினது நீதானே?” என்றார்.

“ஓம் அண்ணா.”

“பறவாயில்லை. மாமி தேடித் தேடிப் பாத்தவவாம். அவ்வளவு கவனமா ஒருத்தரும் என்ரை படத்தைப் பாத்திருக்கமாட்டினம்.”

சிரிக்கப் போய் இருமினார். மன்னிப்புக் கேட்கவேண்டிய நான் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

இறுதிக் கிரியைக்கு, அந்தத் தொடரில் விண்கலத் தலைவியாக நடித்த ஜெர்மன் அம்மா வந்திருந்தார். கலம் குலுங்கும் காட்சிகளில் கலம் அசைவதேயில்லை என்று அவர் சொன்னார். அண்ணா எண்ணி முடிக்க, கமராவைச் சரிப்பார்களாம். நடிகர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்களாம். அவசரத்தில் அண்ணா தமிழில்தான் எண்ணுவாராம். அண்ணாவின் பெட்டியருகே நின்று அந்த அம்மா மெதுவாக, “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்றார். எங்கள் வீட்டு உச்சரிப்பு. அந்த அம்மா மேல் வந்த பொறாமை அண்ணா மேல்கூட எனக்கு வந்ததில்லை.

மாமி, உறவினர்களே, அண்ணாவை யாரும் வெட்டவில்லை. அந்தப் படத்தில் எல்லோரும் அவர் சொன்ன இடத்தில்தான் நின்றார்கள். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணாவைப் பராமரித்த தாதியருக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும் குடும்பத்தின் நன்றி. ஸ்டூடியோவில் அவரோடு நின்ற நண்பர்களுக்கும் நன்றி. அண்ணா வேலை செய்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான் பார்க்கவில்லை.