கடைசி வரி வரைக்கும் படித்த அப்பா

கண்ணாடிக் கடைக்காரியிடம் யாரும் கண்ணைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவதில்லை. மெஷினில் முகவாயை வைத்ததும் வீட்டுக் கதை முழுக்கக் கொட்டிவிடும். அலோர் காஜாவில் கடை போட்டுப் பதினாறு வருடமாகிறது. கேட்ட கதைகளில் பாதி, "கண்ணு கொஞ்சம் மங்கல்தான், ஆனா மண்டையும் போயிருச்சு போல" என்றுதான் தொடங்கும். முதுமை மறதிக்கு மலாயில் சொல்லும் 'ஞாஞோக்' என்ற சொல் நம் வீடுகளிலும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. வயதானவர் இரண்டு முறை பெயரை மாற்றிச் சொன்னால் போதும், முத்திரை குத்திவிடுவோம்.

வீட்டில் பெரியவர்களை வைத்துக்கொண்டு விழிக்கும் அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான். என் அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. ரப்பர் தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர். அம்மா போன பிறகு என்னோடுதான் இருக்கிறார். தினமும் காலையில் தன் பழைய மோட்டார் சைக்கிளில் கடைக்கு வந்து, பரிசோதனை அறையின் திரைக்குப் பக்கத்து நாற்காலியில் மாலை வரை உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடமாக அவருக்கும் மறதி. இனி தனியாகச் சமாளிக்க முடியாது, முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று ஜொகூரில் இருக்கும் அண்ணன் வாரம் தவறாமல் போன் அடிப்பான். நான் ஒவ்வொரு வாரமும், "அடுத்த வாரம் பார்ப்போம்" என்பேன்.

வெள்ளைச் சோறு

புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு ஆண்ட்டியை மருமகள் கூட்டி வந்தாள். மாமியார் பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "சாப்பிட்டேன்" என்று எழுந்துவிடுகிறாராம். அரை மணி கழித்துப் பசிக்கிறது என்கிறாராம். சாப்பிட்டதே மறந்துபோகிறது என்று மருமகளுக்குக் கவலை. நல்ல பிள்ளை, சொல்லும்போதே கண் கலங்கிவிட்டாள்.

என்ன தட்டு என்று கேட்டேன். வெள்ளைப் பீங்கான். என்ன சோறு? மாமியார் வயிற்றுக்குக் காரம் ஆகாது என்று தினமும் தயிர்ச் சோறு. ஆண்ட்டியின் கண்ணில் புரை முற்றியிருந்தது. வெள்ளையில் வெள்ளை கலந்தால் அந்தக் கண்ணுக்கு எல்லாம் ஒரே பனிமூட்டம். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, அதுவரை கருநீலத் தட்டில் போடச் சொன்னேன். அடுத்த வாரம் ஆண்ட்டியே போன் செய்தார்.

"பருக்கை மிச்சமில்லம்மா. நானும்தான் என்ன செய்வேன், எது சோறு எது தட்டுன்னு தெரிஞ்சாத்தானே திங்க முடியும்?"

சோபாவில் சில பெண்கள்

ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். மகன் வெளியே காரை நிறுத்தப் போன நேரம் பார்த்து என் பக்கம் குனிந்தார். வீட்டு சோபாவில் சிவப்புச் சேலை கட்டிய நாலைந்து பெண்கள் வந்து உட்காருகிறார்களாம். பேசுவதில்லை, தொந்தரவும் இல்லை. மகனிடம் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப் போவான் அல்லது மனநல வார்டில் சேர்த்துவிடுவான் என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

அவருக்கு விழித்திரை நடுவில் கெட்டுப்போயிருந்தது. கண்ணிலிருந்து ஒன்றும் வராதபோது சிலருக்கு மூளை சும்மா இருக்காது, தானே படம் போட்டுக்கொள்ளும். பெரிய டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும், ஆனால் இது பைத்தியம் இல்லை என்று மகனையும் வைத்துக்கொண்டு விளக்கினேன். மகனுக்கு நிம்மதி. பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"பைத்தியம் இல்லன்னா சரி. அந்தப் பொண்ணுங்க இருந்துட்டுப் போகட்டும்லா. வீட்ல வேற யாரு வந்து என்கூட உட்கார்றா?"

அப்பாவுக்குக் கண் சரி

ஊரார் கதையைக் கேட்டு இப்படியெல்லாம் துப்புத் துலக்கிய நான், என் வீட்டில் என்ன செய்தேன் என்று சொல்லத்தானே வேண்டும்?

அப்பா கோப்பிக்குப் பதில் மைலோவைக் கலக்கினார். பக்கத்துத் தையல்கடைக்காரரை வேறு பெயரில் கூப்பிட்டார். உயிராக ஆடிய டாம் பலகை விளையாட்டை விட்டார். காயை நகர்த்தக் கூப்பிட்டால், "போரடிக்குது" என்பார். மெல்ல மெல்லப் பேச்சும் குறைந்தது. கிளினிக்கில் தாதி மறதியைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொல்லித் தாளைக் கொடுத்தபோது, "இது சின்னப் பிள்ளைங்க வேலை" என்று தள்ளிவிட்டார். டாக்டர் என்னிடம் கண் எப்படி என்று கேட்டார். நான் பெருமையாக, "நானே செக் பண்ணினேன், கடைசி வரி வரைக்கும் படிச்சாரு" என்றேன்.

உண்மைதான், படித்தார். மெஷினில் கண்ணுக்குள் பார்க்கலாம் என்றபோது, "அதான் படிச்சுட்டேன்ல, அப்புறம் என்ன லைட்டு" என்று எழுந்துவிட்டார். வேறு வாடிக்கையாளர் என்றால் விட்டிருக்க மாட்டேன். அப்பா என்பதால் விட்டேன். அன்றிரவு அண்ணன் போனில் முடிவாகச் சொன்னான்.

"கண்ணு நல்லா இருந்தும் இப்படின்னா, மூளைதான். நீயே சொல்றியே."

சுவரில் ஒன்றுமில்லை

நானும் இறங்கிவந்தேன், முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை சேர்க்க வேண்டும், கண் பரிசோதனைத் தாளும் கொண்டு வாருங்கள் என்றார்கள். அப்பாவிடம், "கொஞ்ச நாள் இருந்து பாருங்கப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் சரியென்று தலையாட்டினார். சனிக்கிழமை கூட்டத்துக்கு நடுவே அவரை அறையில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, "படிங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தாளில் பெயரை எழுதக் குனிந்தேன்.

அப்பா படிக்க ஆரம்பித்தார். முதல் எழுத்து, அடுத்த இரண்டு, அடுத்த மூன்று, எல்லாம் சரி. நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் ஒன்றுமே இல்லை. எழுத்தைக் காட்டும் மெஷினை நான் போடவே மறந்திருந்தேன்.

அவர் வெற்றுச் சுவரைப் பார்த்து வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தார். கடைசி வரியில் எல்லாரும் தடுமாறுவார்கள். அப்பாவும் கண்ணைச் சுருக்கி, "அது ஓ... இல்ல இல்ல, சி" என்று தடுமாறினார். பழைய மெஷின், வருடக்கணக்காக அதே எழுத்துகள். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாடிக்கையாளர்கள் படிப்பதைக் கேட்டுக் கேட்டு, தடுமாற்றம் உட்பட மனப்பாடம் செய்திருக்கிறார். இவருக்குத்தான் மூளை போய்விட்டது என்று நான் கையெழுத்துப் போட இருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அவர் மடியில் தலைவைத்து அழுதேன். ஏன்ப்பா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணு தெரியலன்னா மோட்டார் சாவிய வாங்கி வச்சிருவ. மறதின்னு நினைச்சா, பாவம், வயசாயிருச்சுன்னு விட்டுருவீங்கன்னு பார்த்தேன்லா."

எழுதிக்க

அந்த நிமிடமே சாவியை வாங்கிக்கொண்டேன், திட்டவும் செய்தேன். அந்தக் கண்ணோடு ரோட்டில் போனவர் யார் மேலாவது ஏற்றியிருந்தால்? இரண்டு கண்ணிலும் புரை பால் போல முற்றியிருந்தது. அண்ணனுக்குப் போன் செய்து, அப்பா எங்கேயும் போகவில்லை, தப்பு என்னுடையது என்றேன். அடுத்த வாரம் லீவு போட்டு வந்து, ஆப்பரேஷனுக்கு அவன்தான் அப்பாவைக் கையைப் பிடித்து நடத்திப் போனான்.

கதை இதோடு சுபமாக முடிந்தது என்று சொன்னால் பொய். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கண் மங்கி, பேச்சும் ஆட்டமும் நின்றுபோனால் மூளைக்கும் வேலை குறைந்து துருப்பிடிக்க இடமுண்டு. கொஞ்சம் மறதி நிஜமாகவே இருக்கிறது, கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது டாமில் தையல்கடைக்காரர் தினமும் தோற்கிறார். ஆனால் காலையில், "பசியாறிட்டியாம்மா?" என்று அப்பா இரண்டு முறை கேட்கிறார். நானும் இரண்டு முறை, "ஆச்சுப்பா" என்கிறேன்.

இரண்டாவது கண்ணும் ஆறிய பிறகு, புது எழுத்துகளைப் போட்டு அவரை உட்காரவைத்தேன். "இன்னிக்கு லைட்டு போட்டியா?" என்று கேட்டுவிட்டு நிதானமாகப் படித்தார். கடைசிக்கு முந்திய வரி வரை வந்தார், நின்றார். தடுமாறுவது போல நடிக்கவில்லை. மேசை மேல் நான் வைத்திருந்த மோட்டார் சாவியை ஒரு தரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்குக் கீழ தெரியலம்மா. எழுதிக்க."

ஊர்க் கண்ணையெல்லாம் அளந்து சீட்டு எழுதிக் கொடுக்கிற எனக்கு, என் அப்பாவின் கண்ணைப் பார்க்க மட்டும் ஒரு வெற்றுச் சுவர் தேவைப்பட்டது.